ஒரு பெயரில் ஆறு புயல்கள்

ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிவதற்காகவே பெயர் வைக்கிறோம் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. பிரித்தறிவது மட்டுமே நோக்கமாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதுவரை எவரும் தாங்காத புதுப் பெயரையன்றோ தேட வேண்டும்? நாம் அவ்வாறு செய்வதில்லை. பாட்டனார் மறைந்தால், அடுத்துப் பிறக்கும் ஆண்குழந்தைக்கு அவர் பெயரையே சூட்டி மகிழ்கிறோம். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பது அதன் பொருள். மறைந்தவர் முற்றிலும் மறைந்துவிடவில்லை, அவர் பெயர் இவ்வீட்டு முற்றத்தில் இன்னும் பல ஆண்டுகள் உரக்க அழைக்கப்படும் என்ற ஆறுதல் அவ்வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

இதே செயல் புயல்களின் உலகில் தலைகீழான பொருளைப் பெறுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் எழும் புயல்களுக்கு வைக்கப்படும் பெயர்கள் ஆறாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. ஒரு பெயர் திரும்பி வருமாயின், முன்பு அப்பெயருடன் வந்த புயல் மறந்துவிடத் தக்கது என்று பொருள். ஒரு பெயர் இனி வராது என நிறுத்தப்படுமாயின், அப்புயலில் மாண்டவர்கள் நினைக்கத் தக்கவர்கள் என்று பொருள். மனிதரிடையே நினைவு பெயரைத் தொடரச் செய்கிறது. புயல்களிடையே நினைவு பெயரை நிறுத்தச் செய்கிறது.

இந்த வழக்கம் எப்படி உண்டாயிற்று? எத்தனை பேர் மாண்டால் ஒரு பெயர் நிறுத்தப்படும்? யார் மாண்டால் நிறுத்தப்படும்? காற்றுக்கும் மழைக்கும் இடப்படும் பெயரில் நீதி, அநீதி என்று பேச இடமுண்டா? வானிலை அறிவின் ஓர் ஓரத்தில் கிடக்கும் சிறு வினாக்களாக இவை தோன்றலாம். ஆயினும், துன்புற்றவர்களை நாம் எவ்வாறு நினைக்கிறோம் என்ற பெரிய வினாவுக்கு இவை நம்மைக் கொண்டு சேர்க்கின்றன. ஆதலின் இவற்றைச் சற்று நின்று ஆராய்வோம்.

பெயர் வந்த வழி

முற்காலத்தில் புயலுக்கென்று தனிப் பெயர் இல்லை. அது தாக்கிய ஊரோ, தாக்கிய நாளோ அதன் பெயராயிற்று. 1900 செப்டம்பரில் டெக்சாஸ் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்ட புயல் கால்வெஸ்டன் என்ற அந்நகரின் பெயராலேயே அறியப்படுகிறது. போர்ட்டோ ரிக்கோ தீவினர் புயல் தாக்கிய நாள் எந்தக் கிறித்தவப் புனிதருக்கு உரியதோ அவர் பெயரால் அதனை அழைத்தனர். 1876 செப்டம்பர் 13-ஆம் நாள் ஒரு புயல் வந்தது. அது சான் பெலிப்பே எனப்பட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1928-இல், அதே செப்டம்பர் 13-ஆம் நாள் மற்றொரு புயல் வந்தது. அதற்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? இரண்டாம் சான் பெலிப்பே என்றனர். அப்புயலே சில நாட்களில் புளோரிடாவை அடைந்து, ஒக்கிசோபி ஏரியின் கரையை உடைத்து, 2,500-க்குக் குறையாத மக்களைக் கொன்றது. அங்கே அதன் பெயர் ஒக்கிசோபிப் புயல். ஒரே பெயரில் இரு புயல்கள் இருந்தன. ஒரே புயலுக்கு இரு பெயர்களும் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பணியாற்றிய கிளமெண்ட் ராக் என்னும் வானிலை ஆய்வாளர், கிரேக்க எழுத்துகளாலும், புராணப் பாத்திரங்களாலும், பெண்களின் பெயர்களாலும் புயல்களைக் குறித்தார். தமக்கு ஆகாத அரசியல்வாதிகளின் பெயர்களையும் புயல்களுக்கு இட்டார் என்பது அவரைப் பற்றிச் சுவையாகச் சொல்லப்படும் செய்தி. எனினும், முறையாகப் பெயர் வைக்கும் தேவை வானொலிக் காலத்தில்தான் எழுந்தது. ஒரே நேரத்தில் கடலில் இரண்டு, மூன்று புயல்கள் உலவும்போது, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு எச்சரித்தால், கேட்கும் மாலுமிக்கு எது எந்தப் புயல் என்ற குழப்பம் நேரும். சிறு பெயரொன்று அக்குழப்பத்தைத் தீர்க்கும்.

ஆகவே 1950-இல் அட்லாண்டிக் புயல்களுக்கு, படையினர் வானொலியில் எழுத்துகளைத் தெளிவுபடுத்தக் கையாண்ட ஏபிள், பேக்கர், சார்லி என்ற சொற்கள் பெயர்களாயின. அடுத்த ஆண்டும் அதே ஏபிள், அதே பேக்கர், அதே சார்லி. அதற்கு அடுத்த ஆண்டும் அவையே. 1951-இன் சார்லி ஜமைக்காவைத் தாக்கி 150-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1952-இல் வேறொரு சார்லி வழக்கம்போல் வந்து சென்றது. பெயர் வைத்தவர்களுக்கு அது மூன்றாம் எழுத்து, அவ்வளவே. ஜமைக்காவின் முதியவர்களுக்கோ அது தங்கள் வாழ்வை இரண்டாகப் பிளந்த இரவின் பெயர்.

1953-இல் பெண்களின் பெயர்கள் வந்தன. அப்பட்டியலே சிறு மாற்றங்களுடன் 1954-இலும் பயன்பட்டது. 1953-இன் கேரல் கடலிலேயே பெரும்பாலும் சுழன்று திரிந்தது. 1954 ஆகஸ்ட் 31-ஆம் நாள் வந்த கேரல், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கி 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது; பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற பழைய வடக்குத் தேவாலயத்தின் கோபுர முடியையும் சாய்த்தது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பேரழிவு செய்த புயல்களின் பெயர்களைப் பத்தாண்டுகளுக்காவது ஒதுக்கி வைப்பது என்பதே அது.

அம்முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் கவனிக்கத் தக்கவை. வழக்குமன்றங்களிலும், காப்பீட்டு நிறுவனங்களின் கோப்புகளிலும், வரலாற்றுக் குறிப்புகளிலும் எந்தக் கேரல் என்ற ஐயம் எழலாகாது என்பதே அவற்றின் சாரம். காப்பீட்டுப் பணத்தைத் தீர்த்து முடிப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு காலமே நினைவின் ஆயுள். பத்தாண்டு கழிந்தது, 1965-இல் கேரல் மீண்டும் ஒரு புயலின் பெயராயிற்று. அது நடுக்கடலில் தோன்றி நடுக்கடலில் மறைந்தது. பின்னரே அப்பெயர் நிலையாக நீக்கப்பட்டது.

1979-இல் ஆண்களின் பெயர்களும் சேர்ந்தன. ஆறு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள், ஆறாண்டுக்கு ஒரு சுற்று என்ற முறை நிலைபெற்றது. பொறுப்பும் உலக வானிலை அமைப்பின் வட்டாரக் குழுவுக்குச் சென்றது. நீக்கத்துக்கான காரணமும் காலப்போக்கில் மாறியது. பெரும் உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ விளைவித்த புயலின் பெயரை வேறொன்றுக்கு மறுபடி இடுவது மக்களின் உணர்வைப் புண்படுத்தும். ஆதலால் அப்பெயரை நீக்குகிறோம் என்று அவ்வமைப்பு கூறுகிறது. வசதியின் மொழி போய், உணர்வின் மொழி வந்துவிட்டது. அவ்வாறு வந்த அன்றே, யாருடைய உணர்வு என்று கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிட்டது.

கில்பர்ட்டின் இடத்தில் கோர்டன்

1988 செப்டம்பரில் கில்பர்ட் என்னும் சூறாவளி ஜமைக்காவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உழுதுகொண்டு சென்று, மெக்சிகோவைத் தாக்கியது. 1951-இன் சார்லிக்குப் பிறகு ஜமைக்கா நேருக்கு நேர் கண்ட சூறாவளி அதுவே. எல்லா நாடுகளிலுமாக 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோருக்கு மதிப்பளித்து கில்பர்ட் என்ற பெயர் நீக்கப்பட்டது. பட்டியலில் ஏற்பட்ட வெற்றிடத்துக்கு அதே முதலெழுத்தில் தொடங்கும் புதுப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது. கோர்டன் என்று வைத்தார்கள்.

அப்பட்டியல் ஆறாண்டு கழித்து 1994-இல் திரும்பியது. நவம்பரில் கரிபியன் கடலின் தென்மேற்கு மூலையில் கோர்டன் தோன்றியது. புயல்களில் வலிமை வாய்ந்தவை மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சூறாவளி எனப்படும். ஹைட்டியின் அருகே வந்தபோது கோர்டன் அவ்வேகத்தை எட்டியிருக்கவில்லை. அதன் மையமும் ஹைட்டியைத் தொடவில்லை. மேற்கே ஜமைக்காவையும் கிழக்குக் கியூபாவையும் ஒட்டிச் சென்றது. ஆயினும் அது இழுத்து வந்த ஈரக்காற்று ஹைட்டியின் மலைகளில் மோதி, நாட்கணக்கில் மழையாகக் கொட்டியது. அம்மலைகளில் மரங்கள் இல்லை. அடுப்புக்கரிக்காகவும் உழவு நிலத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டு அவை மொட்டையாகியிருந்தன. மண் இளகி, வெள்ளத்தோடு சேர்ந்து, சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளின்மீது இறங்கியது. மாண்டோர் 1,122 பேர் என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. பின்னர் அதே கோர்டன் புளோரிடாவைக் கடந்தது; அங்கு 8 பேர் இறந்தனர்.

மூன்று நூறு உயிர்களைக் கொண்ட பெயருக்கு மாற்றாக வந்த பெயர், தன் முதல் வருகையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஆயினும் அது நீக்கப்படவில்லை. 2000-இல் இரண்டாம் கோர்டன் புளோரிடாவுக்கு வந்தது. 2006-இலும் 2012-இலும் வந்தவை அசோர்ஸ் தீவுகளின் பக்கம் சென்றன. 2018-இன் கோர்டன் அமெரிக்காவின் தென்கரையில், அலபாமா, மிசிசிப்பி எல்லையருகே ஏறியது. 2024-இன் கோர்டன் யாருக்கும் தீங்கின்றி அட்லாண்டிக்கின் நடுவே நலிந்து மறைந்தது. ஒரு பெயரில் ஆறு புயல்கள்.

2024-இன் கதை இத்துடன் முடியவில்லை. பட்டியலில் கோர்டனுக்கு அடுத்த பெயர் ஹெலீன். கோர்டன் மறைந்த பத்து நாட்களுக்குள் ஹெலீன் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டே அப்பெயர் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் ஹாலி என்ற பெயர் வைக்கப்பட்டது. நீக்கியது முற்றிலும் முறையே. அம்மக்களின் துயரம் சிறியதன்று. நாம் கேட்பது வேறு. ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் நின்ற இரு பெயர்களுள், 200-க்கும் மேற்பட்டோரின் மரணத்தைச் சுமந்த பெயர் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரணத்தைச் சுமந்த பெயரோ 2030-ஆம் ஆண்டில் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. இதனை எந்தத் தராசில் நிறுத்தினார்கள்?

பணக்கார நாட்டின் பிணம் கனமானது, ஏழை நாட்டின் பிணம் இலேசானது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடலாம். அது கேட்பதற்கு எடுப்பாக இருக்குமேயன்றி உண்மையாக இராது. 1963-இல் ஹைட்டியிலும் கியூபாவிலும் 7,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ப்ளோரா நீக்கப்பட்டது. 1974-இல் ஹோண்டுராசை அழித்த பிபி நீக்கப்பட்டது. 1998-இல் அதே ஹோண்டுராசிலும் நிகரகுவாவிலும் ஆயிரமாயிரம் பேரைப் புதைத்த மிட்ச் நீக்கப்பட்டது. மிட்ச்சின் இடத்தில் வைக்கப்பட்ட மேத்யூ, 2016-இல் ஹைட்டியில் 500-க்கும் மேற்பட்டோரைக் கொன்று தானும் நீக்கப்பட்டது. ஆகவே ஏழை நாடுகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருக்கவில்லை.

பின் குறை எங்கே? கதவு தட்டினால்தான் திறக்கும் என்ற அமைப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட நாடு தன் கோரிக்கையை எடுத்துவைக்க, ஆண்டுதோறும் கூடும் குழு அதனை முடிவு செய்வதே வழக்கம். 1994-இன் ஹைட்டியை எண்ணிப் பாருங்கள். 1991-இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அரிஸ்டீடு நாடு கடந்து வாழ்ந்தார். உலக நாடுகளின் பொருளாதாரத் தடையால் நாடு நலிந்தது. 1994 அக்டோபர் நடுவில்தான் அவர் அந்நியப் படைகளின் துணையுடன் திரும்பினார். அதன் பின் ஒரு மாதம் நிறையுமுன் கோர்டன் வந்தது. பிணங்களை எடுத்துப் புதைக்கவே ஆளும் கருவியும் போதாத ஓர் அரசுக்கு, புயலின் பெயரைப் பற்றி மனு எழுதுவது எத்தனையாவது கவலையாக இருந்திருக்கும்? துன்பம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் குரல் குறைகிறது. குரலை எதிர்பார்த்து நிற்கும் நீதிமுறை, மிகுதியாகத் துன்புற்றவனை மிகுதியாக மறக்கிறது. இதில் யாருடைய வன்மமும் இல்லை. ஆயினும் விளைவு வன்மத்தின் விளைவையே ஒத்திருக்கிறது.

இது ஒருமுறை நேர்ந்த தவறு என்றும் சொல்ல இயலவில்லை. 2008-இல் ஹன்னா என்னும் புயல் பெருவெள்ளத்தால் 500-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஹைட்டி மக்கள். அப்பெயரும் நீக்கப்படவில்லை. 2014-இலும் 2020-இலும் மீண்டும் வந்தது.

எண்ணால் அளக்கலாமா?

குரலுக்காகக் காத்திராமல் எண்ணைக் கொண்டு முடிவு செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிச் செய்யும் நாடும் உண்டு. பிலிப்பைன்ஸ் தன் எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தானே பெயர் வைக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை அவை சுழன்று வருகின்றன. 300 பேர் மாண்டாலோ, நூறு கோடி பெசோ மதிப்புள்ள சேதம் நேர்ந்தாலோ அப்பெயர் நீக்கப்படும் என்பது அங்குள்ள விதி. 2013-இல் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட யோலாந்தா அவ்வாறு நீங்கியது.

இவ்விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை. யாருடைய செல்வாக்கும் தேவையில்லை. எண்ணுக்குக் கண் இல்லை. ஆதலால் ஓரவஞ்சனையும் இல்லை. ஆனால் கண் இல்லாமையே அதன் குறையுமாகும். 299 பேர் மாண்ட புயலின் பெயர் திரும்பி வரலாம் என்றால், மாண்ட அந்த 299 பேரின் வீட்டார்க்கு நாம் என்ன விடை சொல்வோம்? உங்கள் துயரம் ஒன்று குறைகிறது என்றா? ஒரு தாய்க்கு இறந்தது ஒரே மகன். அவளுக்கு அப்புயல் முழுமையான புயல்தான். மேலும், உயிர்களின் எண்ணிக்கைக்கும் பெசோக்களின் எண்ணிக்கைக்கும் நடுவே 'அல்லது' என்ற ஒரு சிறு சொல் நிற்கிறதே, அதனையும் நாம் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை. ஆள்வோர்க்கு அளவுகோல் ஒன்று தேவை என்பதை ஒப்புகிறோம். அளவுகோல் நீதிக்கு உதவுமேயன்றி, நீதியாகவே ஆகிவிடாது.

எண்ணும் வேண்டாம், குரலும் வேண்டாம், எந்தப் பெயரையுமே மறுமுறை வைக்காதிருந்தால் என்ன? நம் கடலின் வழக்கம் அதுவே. வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் எழும் புயல்களுக்கு 2004 முதல் பெயர் வைக்கப்படுகிறது. முதலில் எட்டு நாடுகள் சேர்ந்து 64 பெயர்களைத் தந்தன. அவை தீர்ந்தபின், 2020-இல் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர்களாக 169 பெயர்களைத் தந்தன. ஒருமுறை வந்த பெயர் மறுமுறை வராது. 2018 நவம்பரில் நாகை மாவட்டக் கரையில் ஏறித் தென்னைகளை வேரோடு சாய்த்த கஜாவும், 2020 டிசம்பரில் மன்னார் வளைகுடாவருகே வலுவிழந்த புரெவியும் பட்டியலில் சமமானவை. இரண்டும் ஒரே முறை வந்தன; இரண்டும் இனி வரமாட்டா. 2025 நவம்பரில் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற டிட்வாவின் பெயரை நீக்குக என்று எவரும் மன்றாட வேண்டியதில்லை. அது தானாகவே நீங்கிவிட்டது.

இம்முறையில் எவரும் மறக்கப்படுவதில்லை என்று மகிழலாம். ஆனால் எவரும் தனியாக நினைக்கப்படுவதும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பெயரும் நீங்குமிடத்தில் நீக்கம் மரியாதையாகாது. ஆயினும் இருதீமையுள் இது சிறியது என்றே நமக்குத் தோன்றுகிறது. மரியாதை செய்யத் தவறுவது ஒரு குறை. ஒருவர்க்குச் செய்து மற்றவர்க்கு மறுப்பது அதனினும் பெரிய குறை.

நம் கடலின் பெயர்ப்பட்டியலிலும் குரலின் வலிமை ஒருமுறை வெளிப்பட்டதுண்டு. 2013 மே மாதத்தில் எழுந்த புயலுக்கு மகாசேன் என்று பெயர் வந்தது. இலங்கை தந்த பெயரே அது. ஆனால் பெருங்குளங்களை வெட்டுவித்து நாட்டை வளமாக்கிய மன்னனின் பெயரை அழிவுக்கு இடலாமா என்று அந்நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. பெயர் விலக்கப்பட்டு, வியாரு என மாற்றப்பட்டது. அவ்வுணர்வை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அரசனுக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள்; புயல் ஓய்வதற்குள் பெயர் மாறியது. மண்ணுக்கடியில் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹைட்டி மக்களின் பொருட்டோ, முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஒரு பெயர் அசையவில்லை.

பெயரால் ஆவதென்ன?

இவ்வளவும் கேட்ட ஒருவர், "இறந்தவர்க்கு இதனால் ஆவதென்ன? கோர்டன் என்ற பெயரை நீக்கினால் ஹைட்டியின் மலைகளில் மரம் முளைத்துவிடுமா?" என்று கேட்கலாம். இது புறக்கணிக்கத் தக்க கேள்வி அன்று. உண்மையில் நம்மை மிகவும் தயங்கச் செய்த கேள்வி இதுவே.

புயலுக்கு மனிதப் பெயர் வைப்பதில் நாம் எளிதில் காணாத ஓர் ஆபத்து உண்டு. 'கோர்டன் ஆயிரம் பேரைக் கொன்றது' என்று எழுதுகிறோம். மேலே நாமும் அவ்வாறே எழுதி வந்தோம். அவ்வாக்கியத்தில் எழுவாய் கோர்டன். கொலையாளியின் பெயர் தெரிந்துவிட்டது, விசாரணை முடிந்துவிட்டது. மொட்டையடிக்கப்பட்ட மலைகளும், சரிவான இடமன்றி வேறிடம் கிட்டாத ஏழ்மையும், எச்சரிக்கை சென்று சேராத ஆட்சிக் குழப்பமும் வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதே புயல் புளோரிடாவின் குறுக்கே சென்றபோது 8 பேரே இறந்தனர். கொன்றது காற்று மட்டுமாயின் இவ்வளவு வேறுபாடு ஏன்? பெயரை நீக்குவதாலும் இக்குறை தீராது. குற்றவாளியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு வழக்கை முடித்துக்கொள்வது போன்றதே அது.

ஊர்ப் பெயரால் புயலை அழைத்த பழைய வழக்கத்தில் ஒரு நன்மை இருந்ததை இங்கே எண்ணிப் பார்க்கிறோம். 1964 டிசம்பரில் இரயிலையும் ஊரையும் கடல் கொண்ட இரவைத் தனுஷ்கோடிப் புயல் என்கிறோம். 1970 நவம்பர் 12-ஆம் நாள், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை அழித்ததை போலாப் புயல் என்கிறோம். அங்கெல்லாம் பெயர் அடித்தவனுக்கு உரியதன்று, அடிபட்டவனுக்கு உரியது. போலா என்னும்போது ஒரு தீவு நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடி என்னும்போது இடிந்த சுவர்கள் நினைவுக்கு வருகின்றன. கோர்டன் என்னும்போது எந்த ஊரும் நினைவுக்கு வருவதில்லை. பட்டியலில் உள்ள பெயர் எச்சரிப்பதற்கு ஏற்றது, நினைப்பதற்கு ஏற்றதன்று. இவ்விரு வேலைகளையும் ஒரே சொல்லின்மீது சுமத்தியதுதான் இச்சிக்கலின் வேர் என்று கருதுகிறோம்.

எனினும், நீக்கம் வெறும் சடங்கு, அதனால் பயனில்லை என்ற முடிவுக்கும் நாம் வரவில்லை. மீசான் கல்லில் ஒரு பெயரைப் பொறிப்பதும் சடங்குதான். அதனால் இறந்தவர்க்கு மூச்சு வருவதில்லை. ஆயினும் ஓர் ஊரில் சிலருடைய அடக்கத்தலங்களில் மட்டும் கல் நாட்டி, மற்றவர்களுடையவற்றை மேடின்றி விட்டால், அவ்வூரார் உயிரோடிருப்பவர்களையும் எப்படி நடத்துகிறார்கள் என்பது நமக்கு விளங்கிவிடும். சடங்கு தேவையா என்பது ஒரு வினா. ஒருவர்க்குச் செய்வதை மற்றவர்க்கும் செய்கிறோமா என்பது வேறு வினா. முதல் வினாவுக்கு இல்லை என்று விடை சொல்பவரும் இரண்டாம் வினாவிலிருந்து தப்ப முடியாது.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. பெயரை நீக்கும் பொறுப்பைத் துன்புற்றவரின் மனுவுக்கு விட்டுவிடாமல், கூடியிருக்கும் குழுவே தானாக எடுத்துப் பேச வேண்டும். சென்ற ஆண்டில் எங்கே எத்தனை பேர் மாண்டனர் என்ற கணக்கு அவர்கள் முன்னேயே இருக்கிறது. வாயற்றவன் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது நடுநிலை ஆகாது. காலங்கடந்தேனும் கோர்டனையும் ஹன்னாவையும் அவ்வாறு எடுத்துப் பேசலாம். கேரலை நிலையாக நீக்கியதும் அதன் அழிவுக்குப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே.

மற்றொன்று நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. 1,122 என்ற எண் துல்லியமாகத் தோன்றுகிறது. ஆனால் அது மதிப்பீடே. அதில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர் இருந்தது. அவர்களுள் பாட்டனின் பெயரைத் தாங்கிய பேரன்களும் இருந்திருப்பர். தம் பெயரைத் தாங்கப் பேரனின்றிப் போன பாட்டன்களும் இருந்திருப்பர். புயலின் பெயரை நீக்குவதா வேண்டாவா என்று இவ்வளவு நேரம் வாதிட்ட நாம், அவர்களுள் ஒருவர் பெயரையேனும் இக்கட்டுரையில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புயலின் பெயர் உலகுக்குத் தெரிகிறது. மாண்டவர் பெயர் அவர் வீட்டார்க்கு மட்டுமே தெரிகிறது. வீட்டாரும் மாண்டிருப்பின் அதுவுமில்லை.

2024-இல் கோர்டன் தோன்றியபோது, கடலில் ஒரு புயல், கரைக்கு ஆபத்தில்லை என்று ஒரு சிறு செய்தி வந்தது. உலகம் ஆறுதலுடன் பக்கத்தைத் திருப்பியது, நாமும் திருப்பினோம். 2030-இல் அப்பட்டியல் மீண்டும் வரும். அவ்வாண்டு ஏழாவது புயல் எழுமாயின், அறிவிப்பாளர் அப்பெயரை வாசிப்பார். அன்று அது எங்கே போகிறது என்று கேட்பதோடு நில்லாமல், முன்பு அது எங்கே போயிருந்தது என்றும் ஒரு கணம் கேட்போமாக.